நான்கு மணி நேரத்துக்குள் ஓர் ஊர்

1

எங்கள் கல்யாணத்தின் இருபத்தைந்தாவது வருஷத்துக்கு மூன்று நாள் எங்காவது போய்வருவது என்று முடிவானது. எங்கே என்பதில்தான் தகராறு. டிக்கெட்டும் ஹோட்டலும் மகளுடைய பரிசு. யாமினி மான்செஸ்டரில் வேலை பார்க்கிறாள். "ஊர மட்டும் சொல்லுங்கம்மா, மிச்சம் நான் பாத்துக்கிறேன்" என்று போனில் சொல்லிவிட்டாள். அந்த 'ஊர மட்டும்' என்பதுதான் எங்கள் உயிரை எடுத்தது.

பாவா ஒவ்வொரு ஊருக்கும் ஒரு நொட்டை சொன்னார். பாவா என்றால் என் கணவர் சேகர், என் அத்தை மகன். எங்கள் திருத்தணிப் பக்கத்தில் தமிழும் தெலுங்கும் ஒரே தட்டில் சாப்பிடும். அப்பாவை நைனா என்போம், அத்தை மகனைப் பாவா என்போம். கல்யாணத்துக்குப் பிறகு கூப்பிடும் பெயரை மாற்றிக்கொள்ளும் சிரமம்கூட எனக்கு இருக்கவில்லை.

வெனிஸ் என்றேன். "தெருவுல தண்ணி நிக்கிறதப் பாக்க ப்ளேன் ஏறணுமா? மழ பேஞ்சா அரக்கோணம் சப்வேல நிக்குது" என்றார். பாரீஸ் வயசுப் பிள்ளைகளுக்காம். வியன்னா பாட்டுக் கச்சேரி ஊராம், அங்கே போய் அவர் என்ன தலையாட்டுவாராம். லெஸ்டரில் லிஃப்ட் பழுதுபார்ப்பதுதான் அவர் வேலை. ஊரிலுள்ள லிஃப்ட்டை எல்லாம் ஓடவைக்கும் மனிதர், வீட்டில் ஒரு முடிவை மேலேயும் ஏற்ற மாட்டார், கீழேயும் இறக்க மாட்டார்.

ஆனால் இந்த முறை அவர் இழுத்தடித்ததற்குக் காரணம் எனக்குத் தெரியும். ஊர் முடிவானால் நாள் முடிவாகிவிடும். அந்த நாள் வந்து போனால் அடுத்த திங்கட்கிழமை வந்துவிடும். அந்தத் திங்கட்கிழமை எனக்கு ஆஸ்பத்திரியில் மறுபடியும் மருந்து ஏற்ற ஆரம்பிக்கிறார்கள்.

மூன்று வருஷத்துக்கு முன் மார்பில் வந்த புற்றுநோய் போய்விட்டது என்றுதான் நினைத்திருந்தோம். முதல் முறை சிகிச்சை முடிந்த அன்று, ஊர்ப் பழக்கத்தில் நர்சிடம் 'போயிட்டு வரேன்' என்பதை ஆங்கிலத்தில் அப்படியே சொல்லிவிட்டேன். அவள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "வேண்டாம், தயவுசெய்து வராதீர்கள்" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். போன ஆடி மாதத்து ஸ்கேனில் அது ஈரலில் தெரிந்தது. சொன்ன சொல் தவறாமல் வந்துவிட்டேன்.

டாக்டர் நல்ல மனிதர். கல்யாண நாள் என்றதும் போய்வரச் சொன்னார். ஆனால் நான்கு மணி நேரத்துக்கு மேல் விமானத்தில் உட்காரக் கூடாது, ஏதாவது என்றால் அன்றைக்கே திரும்பி வந்து சேருகிற தூரமாக இருக்க வேண்டும் என்றார். வரைபடத்தில் லெஸ்டரைச் சுற்றி என் விரலால் ஒரு வட்டம் போட்டுப் பார்த்தேன். நான் போக நினைத்த ஊர் அந்த வட்டத்துக்குள் எங்கே வரப்போகிறது?

2

நான் போக நினைத்தது திருத்தணிக்கு. காரணம் ஆசை மட்டும் இல்லை, நேர்த்திக்கடன்.

நோய் முதலில் தெரிந்த அன்றே ஒரு மஞ்சள் துணியில் ஒற்றை ரூபாய்க் காசை முடிந்து சாமி படத்துக்கு முன்னால் வைத்து, பிழைத்தால் மலைக்கு வந்து முடி கொடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன். எங்கள் பக்கத்துப் பெண்கள் மூன்று விரற்கடை அளவு வெட்டிப் பூமுடி கொடுத்தால் போதும் என்பார்கள். நான் முழு மொட்டை என்று நேர்ந்துகொண்டேன். எனக்கு முடி அதிகம். அதனால் பேரத்தில் கை ஓங்கும் என்று நினைப்பு.

பேரம் முடிவதற்குள் மருந்து முந்திக்கொண்டது. இரண்டாவது முறை ஏற்றியதும் தலையணையில் கொத்துக் கொத்தாகக் கிடந்தது. பாவா குளியலறையில் உட்கார்ந்து, தண்ணீர் போகும் துவாரத்தில் சிக்கிய என் முடியைக் குச்சியால் எடுத்துக்கொண்டிருந்தார். நான் வாசலில் நிற்பது அவருக்குத் தெரியாது. அந்த மனிதர் அழுது நான் பார்த்தது அவருடைய அம்மா செத்தபோது ஒரு தடவை, அன்றைக்கு ஒரு தடவை.

எங்கள் ஊரில் மொட்டைத் தலைக்கு அர்த்தமே வேறு. திருத்தணியில் பஸ்ஸில் ஏறினால் நாலு பேருக்கு ஒருவர் மொட்டை. அப்பா, அம்மா, கைக்குழந்தை என்று குடும்பமே தலையில் சந்தனத்தைப் பூசிக்கொண்டு சென்னை ரயிலுக்கு நிற்கும். ஆந்திராவிலிருந்து வருகிறவர்கள் திருப்பதியிலும் கொடுத்துவிட்டு, இங்கேயும் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார்கள். மொட்டையைப் பார்த்து யாரும் முகம் மாற மாட்டார்கள். "தரிசனம் நல்லா ஆச்சா?" என்று கேட்பார்கள். "ஆங், கூட்டமே இல்ல" என்று இவர்கள் சொல்வார்கள். கூட்டம் முண்டியடித்திருந்தாலும் அதுதான் பதில். சாமி நமக்காகக் கொஞ்சம் ஒழிவாக இருந்தார் என்று சொல்லிக்கொள்வதில் ஒரு திருப்தி.

லெஸ்டரில் அதே தலையோடு கடைக்குப் போனேன். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற அம்மாள் ஒதுங்கி வழிவிட்டாள். பணம் வாங்குகிற பெண் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். எல்லாரும் நல்லவர்கள். அந்த நல்லதனத்தைத் தாங்க முடியாமல் தலையில் துணி கட்டிக்கொண்டேன்.

சிகிச்சை முடிந்து முடி வளர்ந்தது. முன்பு நேராக இருந்தது, இப்போது சுருட்டையாக வந்தது. ஊருக்குப் போய்க் கொடுத்துவிடலாம் என்றேன். பாவா லீவு இல்லை என்றார், டிக்கெட் விலை என்றார், வெயில் என்றார். ஒருநாள் மடக்கிப் பிடித்துக் கேட்டேன்.

"அதான் ஒரு தடவ போச்சே ரேவதி. முருகன் எடுத்துக்கினான்னு நெனச்சிக்கோ."

"எடுத்துக்கினது வேற, குடுத்தது வேற பாவா."

"இன்னா வேற? முடி போச்சா இல்லியா?"

"என்னைக் கேக்காம போச்சு. அது காணிக்கை இல்ல."

அவர் எழுந்துபோய், ஓடிக்கொண்டிருந்த வாஷிங் மெஷினைத் திறக்கப் பார்த்தார். மறுபடி என்னை அந்தத் தலையோடு பார்க்க அவருக்குத் தெம்பு இல்லை. அது புரிந்ததால் நானும் விட்டுவிட்டேன். இப்போது புதிய மருந்தும் முடியைக் கொட்டவைக்கும் என்று சொல்லிவிட்டார்கள். இரண்டாவது தடவையும் நான் கொடுப்பதற்கு முன்னால் அது எடுத்துக்கொள்ளப் போகிறது.

3

விசா விவகாரத்தைச் சொன்னால் ஊரில் இருப்பவர்களுக்குச் சிரிப்பு வரும். நான் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வாங்கி வெகுகாலம் ஆகிறது. பாவா வாங்கவில்லை. "ஊர்ல ஒண்ணு ஆச்சுன்னா மொத ப்ளேன்ல ஏறணும். எவன் கிட்டயும் கேட்டுகினு நிக்க மாட்டேன்" என்பார். விசா இல்லாமலே இந்தியா போய்வர ஒரு அட்டை தருகிறார்களே அப்பா என்று யாமினி எத்தனையோ முறை சொல்லிவிட்டாள். அது அட்டை, இது பாஸ்போர்ட் என்பதுதான் அவர் வாதம். இதற்கு மேல் இங்கிலாந்து அரசாங்கமே வந்தாலும் அவரோடு பேச முடியாது.

அவர் ஓடிப்போய் நிற்க வேண்டியபடி திருத்தணியில் ஆவதற்கு இனி ஒன்றும் இல்லை. அத்தையும் போயாயிற்று, நைனாவும் போயாயிற்று. வீட்டில் இருப்பது என் அண்ணனும் அண்ணியும்தான். அவசரமாக ஓட வேண்டியவர்கள் எல்லாம் போன பிறகும் அவர் அந்த இந்திய பாஸ்போர்ட்டைத் தயாராக வைத்திருந்தார். அதனால் என்ன ஆனதென்றால், பாரீசோ வியன்னாவோ லிஸ்பனோ போக எனக்கு ஒன்றும் வேண்டாம், அவருக்கு மட்டும் விசா வேண்டும். அதற்கு நேரில் போய்க் கைரேகை வைக்க வேண்டும். அதற்குத் தேதி வேண்டும்.

யாமினி இரண்டு வாரம் அந்த இணையதளத்தில் குடியிருந்தாள். ஒவ்வொரு நாட்டுக்கும் முதலில் கிடைக்கிற தேதி, நான் மருந்தில் இருக்கப்போகிற நாட்களில்தான் இருந்தது. நோயாளி என்று எழுதிக் கேட்டாள். மருத்துவ அவசரம் என்றால் அந்த நாட்டு ஆஸ்பத்திரிக் கடிதம் வேண்டும் என்று பதில் வந்தது. அங்கே வைத்தியத்துக்குப் போகவில்லை, சந்தோஷமாக இருக்கப் போகிறோம் என்பதற்கு எந்தக் கட்டமும் அதில் இல்லை.

"இஸ்தான்புல்" என்றாள், ஒருநாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்திருந்தபோது. "அப்பா பாஸ்போர்ட்டுக்கு ஆன்லைன்லயே விசா தர்றாங்க, இங்க ரெசிடென்ட்டா இருந்தா போதும். ஃப்ளைட்டும் நாலு மணி நேரம்தான்மா. பெர்ஃபெக்ட்!"

இரண்டு பேரும் பாவாவைப் பார்த்தோம். அவருக்கு நொட்டை சொல்ல அந்த ஊரைப் பற்றி ஒன்றுமே தெரியவில்லை. இருபத்தைந்து வருஷத்தைக் கொண்டாட நாங்கள் தேர்ந்தெடுத்த ஊர் இப்படித்தான் தேறியது. மற்றதெல்லாம் கழிந்த பிறகு மிச்சம் நின்றது.

நேர்த்திக்கடன் பற்றி யாமினியிடம் சொல்லிப் பார்த்தேன். அவள் கோபப்படவில்லை, அக்கறையாகவே கேட்டாள். "ஹேர்தானேம்மா, நல்ல விக் பாக்கலாம். முன்ன வாங்கினத விட இப்ப சூப்பரா வருது." கைக்குழந்தையாக இருந்தபோது அவளுக்கு மலையில்தான் மொட்டை போட்டோம். தாய்மாமன் மடியில் உட்கார்ந்து ஊரைக் கூட்டினாள். அந்தப் போட்டோவை அவள் இங்கே பள்ளிக்கூடத்தில் யாருக்கும் காட்டியதில்லை. அவளைக் குறைசொல்ல என்ன இருக்கிறது? மொட்டை என்றால் நோய் என்கிற ஊரில் வளர்ந்தவள்.

அண்ணிக்குப் போன் செய்தேன். என் அண்ணி மலையடிவாரத்தில் பூக்கடை வைத்திருக்கிறாள். பூவோடு கற்பூரம், சந்தன வில்லை, மஞ்சள் கயிறு எல்லாம் இருக்கும். நான் வர முடியாது என்று சொன்னதும், பூ கேட்டு நின்றவரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டுப் போனோடு ஒதுங்கினாள்.

"நா ஒண்ணு சொல்லட்டா? உனுக்குப் பதிலா நா குடுத்துடறேன்."

அண்ணியின் பின்னல் இடுப்புக்குக் கீழே வரும். அதில் தினமும் தன் கடைப் பூவிலேயே நல்லதாக ஒரு முழம் வைத்துக்கொள்வாள். அதைச் சொல்ல அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"வேணா அண்ணி. நேந்துகினது நானு."

"அப்ப நீயே வந்து குடு. எப்ப வந்தாலும் மல அங்கதான் கீது, எங்கயும் ஓடிப் போவாது" என்றாள்.

மலை ஓடிப் போகாது. நோய் திரும்பி வந்ததை அண்ணியிடம் சொல்லவில்லை.

4

இஸ்தான்புல்லில் இறங்கியதும் பாவா என் கையைச் சுரண்டினார். "ரேவதி, அங்க பாரு."

பார்த்தால், விமான நிலையம் முழுக்கத் தலையில் கட்டுப் போட்ட ஆண்கள். சிலருக்கு நெற்றியைச் சுற்றிக் கறுப்புப் பட்டை. சிலருக்குக் கட்டில்லாத தலை முழுக்கச் சிவப்புச் சிவப்பாகப் புள்ளி. சண்டையா, விபத்தா என்று பயந்துபோனோம். ஹோட்டல் பையன் சொல்லித்தான் தெரிந்தது. உலகத்தின் வழுக்கைகள் எல்லாம் முடி நட்டுக்கொள்ள இந்த ஊருக்குத்தான் வருகிறதாம். பின்னந்தலையிலிருந்து எடுத்து முன்னால் நாற்று நடுவது போல நடுகிறார்களாம்.

பாவா சிரிக்க ஆரம்பித்தார். ஸ்கேன் முடிவு வந்ததிலிருந்து அவர் சிரித்து நான் பார்க்கவில்லை. "எல்லாரும் முடி வாங்க வர்ற ஊருக்கு நாம வந்துகீறோம் பாரு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த ஊரை எனக்கு அப்போதே பிடித்துவிட்டது.

முதல் நாள் படகில் போனோம். கரையிலிருந்து கரைக்குப் போகிற சாதாரண படகுதான், ஆபீஸ் போகிறவர்கள் ஏறுவது. பாவா எனக்குப் பக்கத்தில் உட்காராமல், காற்று வருகிற பக்கம் மறைத்துக்கொண்டு நின்றார். என் சுருட்டை முடி காற்றில் பறந்தது. அவர் அதையே பார்த்தார். நல்லா கீது என்று சொல்லவில்லை. அவர் என்றைக்கும் சொன்னதில்லை. பறந்ததைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டார். பொது இடத்தில் இருபத்தைந்து வருஷத்தில் முதல் தடவை என்று நினைக்கிறேன். எனக்குச் சாவதற்குப் பயமாக இருந்தது. இந்த மனிதரை விட்டுவிட்டுப் போக வேண்டுமே என்று அந்தப் படகில் வைத்துத்தான் முதன்முதலாக முழுசாக உறைத்தது.

5

கல்யாண நாள் காலையில் தேநீர் குடித்துவிட்டு மேட்டுத் தெரு ஒன்றில் ஏறிக்கொண்டிருந்தோம். ஒரு சலூன். பெரிய கடை இல்லை, இரண்டு நாற்காலி, வயசான நாவிதர், வாசலில் ஒரு பூனை. நான் நின்றுவிட்டேன். அதற்கு முன்னால் அப்படி ஒரு யோசனை எனக்கு இருந்ததாக ஞாபகம் இல்லை.

"பாவா, இங்கயே குடுத்துடறேன்."

அவருக்கு உடனே புரிந்தது. புரியாத மாதிரி நடித்தார். "இன்னா குடுக்கற?"

"முடி."

"பைத்தியமா உனுக்கு? மலைல குடுக்க வேண்டியத எவன் ஊர்லயோ குடுத்தா ஆவுமா? நீதான சொன்ன, அது வேற இது வேறன்னு?"

"மலைக்குப் போவ விடல, நான் இன்னா பண்ணட்டும்? திங்கக்கெழம மருந்து ஏத்தினா அது எடுத்துக்கும். அதுக்கு முன்னாடி நானா குடுத்துடறேன். எனக்கு வேற வழி தெரியல பாவா."

தெருவில் போகிறவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அவர் தலையைக் குனிந்து பூனையையே பார்த்தார். நான் கெஞ்சவில்லை. அவர் மாட்டேன் என்று சொல்லியிருந்தால் திரும்பி நடந்திருப்பேன். அவர் எனக்கு முன்னால் கடைக்குள் போய் நாற்காலியில் உட்கார்ந்து, தலையைத் தடவிக் காட்டினார். மலையில் பிள்ளைகள் பயப்படாமல் இருக்க அப்பாதான் முதலில் உட்காருவார். எங்கள் ஊரில் அதுதான் வழக்கம்.

நாவிதர் அவருக்கு மழித்து முடித்தார். பாவா எழுந்து, நாற்காலியை எனக்குக் காட்டினார். கிழவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். கையை ஆட்டி முடியாது என்றார். பாவா போனை எடுத்து எதையோ தட்டி, அது துருக்கியில் பேசியதை அவர் காதருகே பிடித்தார். என்ன தட்டினார் என்று நான் கேட்கவில்லை. கிழவர் என்னைப் பார்த்தார், ஒரு கையைத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டார். பிறகு கத்தியில் புது பிளேடு மாற்றினார்.

"கொஞ்சம் இருங்க" என்று தமிழிலேயே சொன்ன பாவா, போனில் திசைகாட்டியைத் திறந்து, நாற்காலியை எந்தப் பக்கம் திருப்புவது என்று பார்க்க ஆரம்பித்தார். கிழவருக்கு அது புரிந்துவிட்டது, அதாவது அவருக்குத் தெரிந்த விதத்தில் புரிந்தது. தொழுகைக்குத் திரும்புகிற பக்கத்தைத் தானே காட்டி நாற்காலியைத் திருப்பிவைத்தார். பாவா, "ஆங், அப்டிதான், இன்னும் கொஞ்சம் இந்தாண்ட" என்று அதைக் கிழக்கே நகர்த்தினார். கிழவர் சரியாக இல்லை என்று திரும்பவும் தன் பக்கம் இழுத்தார். இரண்டு பேரும் இழுத்து, மெக்காவுக்கும் திருத்தணிக்கும் நடுவில் எங்கோ நான் உட்கார்ந்தேன்.

கண்ணை மூடிக்கொண்டேன். தண்ணீர் சில்லென்று பட்டது. கத்தி நெற்றியிலிருந்து பின்னால் போனது. முடி சத்தமில்லாமல் மடியில் விழுந்தது, பாரம் மட்டும் தெரிந்தது. போன முறை தலையணையில் கிடந்ததைப் பார்த்தபோது என்னிடமிருந்து திருடிவிட்டார்கள் என்று இருந்தது. இப்போது அப்படி இல்லை. அழுதேன், ஆனாலும் அப்படி இல்லை.

கண்ணைத் திறந்தபோது பாவா தேநீர்த் தட்டில் தண்ணீர் விட்டு எதையோ விரலால் குழைத்துக்கொண்டிருந்தார். சந்தன வில்லை. போன தடவை ஊரிலிருந்து வரும்போது அண்ணி கட்டிக்கொடுத்த பொட்டலம், எங்கள் சாமி அலமாரியில் இருந்தது. பக்கத்தில் என் மஞ்சள் துணியும் காசும்.

"இத எப்ப எடுத்துகினு வந்தீங்க?"

"பெட்டி கட்டும்போது."

"அப்ப எதுக்குத் தெருவுல அவ்ளோ சண்ட போட்டீங்க?"

அவர் குழைத்த தட்டைக் கையில் எடுத்தார். என் தலையில் சந்தனத்தைப் பூசினார். காதுக்குப் பின்னால் வரை ஒரு இடம் விடாமல் பூசினார். பிறகு குனிந்து தன் தலையைக் காட்டினார். நான் பூசினேன். கீழே கிடந்த என் சுருட்டையில் ஒரு கொத்தை எடுத்து மஞ்சள் துணியில் காசோடு முடிந்துகொண்டேன். யார் கையிலாவது அது மலை உண்டியலுக்குப் போய்ச் சேரும். என் கையாகவே இருக்க வேண்டும் என்று இன்னமும் ஆசைப்படுகிறேன்.

6

திரும்பி வருகிறபோது டிராம் நிறுத்தத்தில், தலையில் கட்டோடு நின்ற ஒரு வெள்ளைக்காரர் எங்கள் இரண்டு தலையையும் சந்தனத்தையும் ஆர்வமாகப் பார்த்தார். எந்தக் கிளினிக் என்று கேட்டார். "திருத்தணி" என்றார் பாவா, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல். வெள்ளைக்காரர் அதைப் போனில் குறித்துக்கொண்டார்.

யாமினிக்குப் படம் அனுப்பினோம். பிறகு ஒரு போட்டோ வந்தது. கைக்குழந்தையாகத் தாய்மாமன் மடியில் வாயைப் பிளந்துகொண்டு அழுகிற அவளுடைய மொட்டைத் தலை. கீழே ஒரு வார்த்தையும் எழுதவில்லை. அந்தப் படத்தை அவள் வைத்திருந்தாள் என்பதே எனக்குத் தெரியாது.

பிறகு அண்ணி வீடியோவில் கூப்பிட்டாள், கல்யாண நாள் வாழ்த்துச் சொல்ல. அங்கே அந்தி சாய்ந்து, கடையில் விளக்குப் போட்டிருந்தார்கள். அண்ணன் பின்னால் மாலை கட்டிக்கொண்டிருந்தார். போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்த அண்ணி எங்களைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். நாங்கள் எங்கே இருக்கிறோம் என்று அவளுக்குத் தெரியும். ஏன் இங்கே இருக்கிறோம் என்பதையும் அவள் அந்த ஒரு நிமிஷத்தில் தெரிந்துகொண்டாள் என்று நினைக்கிறேன். அவள் கண் நிறைந்தது. துடைத்துக்கொள்ளாமல், கடைக்கு வருகிறவர்களைக் கேட்கிற அதே குரலில் கேட்டாள்.

"தரிசனம் நல்லா ஆச்சா?"

பாவா என்னைப் பார்த்தார். சொல்ல வேண்டியது நான்தான்.

"ஆங் அண்ணி," என்றேன். "கூட்டமே இல்ல."